ஒட்டகம் உட்கார்ந்திருந்த அட்டை

போன மாதம் நம் தெருக் கல்யாணத்தில் ஒரே சகன் தட்டைச் சுற்றி நாலு பேராக உட்கார்ந்து பிரியாணி தின்றோமே, அப்போது, என்னோடு வளர்ந்த உங்களில் ஒருத்தி சொன்னாள். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னவளுக்குத் தெரியும். நல்ல கறித்துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டே, "ஒனக்கென்னடி, படிச்ச, வேலைக்குப் போயிட்ட. ஒங்க அத்தா சபர்ல தோத்துட்டு வந்தப்ப ஒங்க நெலமய நெனச்சு எங்கம்மா அழுதுச்சு தெரியுமா" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அதற்குமேல் சோறு இறங்கவில்லை.

சபர் என்றால் பயணம். அதுவும் நம் கடற்கரையில், கடல் தாண்டிச் சம்பாதிக்கப் போகும் பயணம். நம் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் சபரில் இருந்தார்கள். தகப்பனை அத்தா என்று கூப்பிடும் தெரு நம்முடையது. கூப்பிடத்தான் ஆள் ஊரில் இருக்காது. அப்படிப் போனவர்களில் என் அத்தா மட்டும் பாதியில் திரும்பி வந்து, கட்டுமாவடி முக்கில் கயிறும் பேட்டரியும் விற்கிற கடை போட்டார். "ஏன் வந்துட்டீங்க?" என்று யார் கேட்டாலும், "தோத்துட்டு வந்துட்டேம்ப்பா" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். நீங்களும் அதை நம்பினீர்கள். லாரியை முட்டிவிட்டார், முதலாளி விரட்டிவிட்டார் என்று ஆளுக்கொரு கதையும் கட்டினீர்கள்.

தோற்றது உண்மை. யாரிடம் தோற்றார் என்று மட்டும் இத்தனை வருடத்தில் ஒருத்தியும் கேட்கவில்லை. நமக்கெல்லாம் நரையை மறைக்க மருதாணி அரைக்கிற வயசாகிவிட்டது, இனியும் நான் வாயைப் பொத்திக்கொண்டிருக்க மாட்டேன். குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

ஆறாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு அத்தா லீவில் வந்திருந்தார். அங்கே அவருக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிற வேலை. ரெண்டு வருடத்துக்கு ஒருமுறை ரெண்டு மாதம் லீவு. பெட்டி பிரிக்கிற அன்றைக்கு நீங்களெல்லாம் வாசலில் நின்று எட்டிப் பார்த்தீர்கள். சோப்பு, பால்பவுடர் டின், தைலம், சென்ட், பூப்போட்ட போர்வை எல்லாம் கலந்து ஒரு வாசனை வருமே, அந்த வாசனைதான் எனக்கு அத்தா. ஆளைப் பார்த்தால் கூச்சம். மகளை ஆத்தா என்பதுதான் நம் தெரு வழக்கம். "வாத்தா" என்று அவர் கூப்பிட்டால் அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அவருக்கும் என்னிடம் என்ன பேசுவது என்று தெரியாது. "நல்லாப் படிக்கிறியாத்தா?" என்பார். "ம்" என்பேன். மறுநாளும் அதையேதான் கேட்பார்.

போர்வை மடிப்புக்குள்ளிருந்து அந்தச் சாம்பல் நிறப் பெட்டி விழுந்தது. உள்ளங்கை அகலம், ஒரு சின்னத் திரை, கீழே ரப்பர் பொத்தான்கள். நாலு பென்சில் பேட்டரி போட வேண்டும். திரைக்குள் வெளிச்சம் கிடையாது. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் படம் தெரியும். பொத்தானை அழுத்தினால் 'கீச்' என்று சுண்டெலி மாதிரி ஒரு சத்தம் போட்டுக்கொண்டு எழும்பும். அதற்குள் இருந்தது ஒரே ஒரு விளையாட்டு. சீட்டு.

சீட்டு என்ற சொல்லை நம் வீடுகளில் சொல்ல முடியுமா? முதுகுத் தோலை உரித்துவிடுவார்கள். காசு வைக்காத ஆட்டம், காகிதமே இல்லாத ஆட்டம் என்றெல்லாம் விளக்கம் சொல்லக்கூட வாய் திறக்க விட மாட்டார்கள். அத்தா குனிந்து, "அம்மாட்ட சீட்டுன்னு சொல்லிராதத்தா. அட்டைன்னு சொல்லு" என்றார். அதற்கு முன் அவர் என் காதருகே வந்து எதையும் சொன்னதில்லை. கழுத்தில் அவர் மூச்சுப் பட்டுக் கூசியது. நான் சிரித்துவிட்டேன்.

ஆட்டம் இதுதான். ஆளுக்கு முப்பது உயிர். பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான அட்டைகள் கிடக்கும், அதிலிருந்து வேண்டியதைப் பொறுக்கித் தனக்கென்று ஒரு கட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம் என் முறை, உன் முறை என்று பெட்டியைக் கை மாற்றி ஆட வேண்டும். ஒவ்வொரு முறையும் புது அட்டை ஒன்று கைக்கு வரும். பெரிய அட்டை என்றால் ஒன்றுதான் இறக்கலாம். சின்ன அட்டை கையில் இருக்கிற அத்தனையையும் இறக்கலாம். இறக்கியதை வைத்து எதிராளியின் உயிரை அடிக்க வேண்டும். அத்தாவின் கட்டு முழுக்கச் சிங்கம், கழுகு, வாள் பிடித்தவன். இறக்குவார், அடிப்பார், "இந்தாத்தா" என்று பெட்டியைத் தருவார். நானும் அதே மாதிரி இறக்கி அடித்துப் பார்ப்பேன். என் சிங்கம் ஒரு அடி அடிப்பதற்குள் அவர் கழுகு நாலு அடி அடித்திருக்கும்.

ஒருநாள் தோற்ற எரிச்சலில் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். அவர் திரும்பிப் போகும் தேதியை அம்மா பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தது.

"எப்பத்தா போவீங்க?"

"ஏன், வெரட்டுறியா?"

"இல்ல. போகாட்டி என்ன?"

அவர் கண் திரையில் இருந்தது. கழுகை எங்கே இறக்கலாம் என்று யோசித்துக்கொண்டே சொன்னார்: "என்னைய ஒரு ஆட்டம் ஜெயிச்சிரு. போகல."

சொல்லிவிட்டு என்னைக் கொன்றுவிட்டு அசருக்குத் தொழப் போய்விட்டார். பெரியவர்கள் பேச்சில் எது கணக்கு, எது சும்மா என்று பிரித்துப் பார்க்கிற வயசா அது? கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன். ஒரு ஆட்டம், ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தால் அத்தா இங்கேயே இருப்பார். வேறு எதற்கும் நான் வாழ்க்கையில் அவ்வளவு பிடிவாதம் பிடித்ததில்லை. பத்தாவது பரீட்சைக்குக்கூட அதில் பாதி படிக்கவில்லை.

பெட்டிக்குள் இருந்த எழுத்தெல்லாம் அரபு. இங்கேதான் கூத்து. ஓதுபள்ளியில் நமக்கு அரபு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், அர்த்தம் சொல்லிக்கொடுக்கவில்லை. மேலும் கீழும் குறி போட்டிருந்தால் கடகடவென்று வாசிப்போம். என்ன பொருள் என்று கேட்டால் திருதிருவென்று முழிப்போம். அத்தாவுக்கு நேர் எதிர். ஓதப் போகிற வயசில் மீன்பிடி வள்ளத்தில் ஏறிவிட்டவர், அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் வருடக்கணக்கில் அங்கே லாரி ஓட்டியதில் அரபு சரளமாகப் பேசுவார், அதிலேயே சண்டை போடுவார். ஆகவே நான் எழுத்துக்கூட்டுவேன், அவர் பொருள் சொல்வார்.

"பே, அலிஃப், பே. பாப்."

"கதவுத்தா. அடிய வாங்கிக்கிரும்."

பெட்டியில் எழுத்துக்குக் குறி கிடையாது. நான் குத்துமதிப்பாக வாசிப்பேன், அவர் குத்துமதிப்பாகச் சொல்வார். அப்படித்தான் ஒருநாள் ஓர் ஒட்டகம் உட்கார்ந்திருக்கிற அட்டை வந்தது. மூன்றே எழுத்து. "சபர்" என்று வாசித்தேன்.

"சபர்னா சபர்தான். பயணம். ஒட்டகத்தப் போட்ருக்கான் பாரு" என்றார் அத்தா. அதற்குக் கீழே பொடியாக நாலு வரி இருந்தது, கண் வலிக்கும் என்று இருவரும் விட்டுவிட்டோம். இறக்கிப் பார்த்தோம். மற்ற அட்டைகள் அடித்துக்கொண்டிருக்க, ஒட்டகம் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. "தெண்டம். தூக்கிப் போடு" என்றார். எனக்கு அதைச் சொல்லவே வேண்டாம். சபர் என்று பேர் வைத்த எதுவும் என் கட்டில் இருக்கக் கூடாது என்று நான் ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன்.

சாயங்காலம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து நான் "லாம், மீம், நூன்" என்று முணுமுணுப்பதை அடுப்படியிலிருந்து அம்மா கேட்கும். பக்கத்து வீட்டில் போய், "பாங்கு சொன்னா ஒக்காந்துர்றா, லீவுன்னுகூடப் பாக்காம ஓதுறா" என்று சொன்னது. உங்களில் ரெண்டு பேருக்கு அதனால் வீட்டில் திட்டு விழுந்தது, ஞாபகம் இருக்கிறதா? 'அவளப் பாரு, நீயும் இருக்கியே.' மன்னித்துக்கொள்ளுங்கள். அந்த லீவு முழுக்க நெத்திலி ஆய்கிற வேலையிலிருந்து எனக்கு விடுதலை. அம்மா பால்பவுடரில் சீனியைப் போட்டுக் குழைத்து ஒரு கரண்டி நாக்கிலும் தடவிவிடும்.

பேட்டரிதான் பெரிய தலைவலி. அடிக்கடி வாங்கினால் எதற்கு என்று கேள்வி வரும். மொட்டை மாடியில் அம்மா நெத்திலி காயப் போட்ட சாக்கின் ஓரத்தில் பேட்டரிகளையும் வரிசையாகக் காயப் போட்டேன். நல்ல வெயிலில் காய்ந்தால் இன்னும் ரெண்டு ஆட்டத்துக்கு உயிர் வரும். பெட்டியைத் திறந்தால் கருவாட்டு வாடை அடிக்கும். அத்தா மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "ஏன்த்தா, இதுக்குள்ள எதும் மீன் கீன் செத்துக் கெடக்கா?" என்பார்.

ஜெயிக்க மட்டும் முடியவில்லை. காலண்டர் வட்டத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று காலையில் எழுந்ததும் எண்ணுவேன்.

ஓதுபள்ளியில் நமக்கு ஓதிக்கொடுத்த அசரத்துக்கு நம் நாக்கோடுதான் சண்டை. ஞாபகம் இருக்கிறதா, பிரம்பால் பாயைத் தட்டித் தட்டி, "ஸீனு மெலிசு, ஸாது தடிப்பு! எல்லாத்தையும் ஒரே 'ச'வாப் போட்டு மெல்லாதீங்க!" என்பாரே. ஒருநாள் அப்படி அவரிடம் அடி வாங்கிக்கொண்டிருந்தவள் உங்களில் ஒருத்திதான். அவள் முறை முடியட்டும் என்று நான் பாடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாமெல்லாம் முதலில் மனப்பாடம் செய்த குட்டிப் பாடம். அதன் கடைசிச் சொல்லில் கண் நின்றது. ஸாது, பே, ரே. பெட்டிக்குள் ஒட்டகத்தின் தலைக்கு மேல் இருந்ததும் அதே மூன்று எழுத்து. தொப்பை தள்ளிய ஸாது.

"அசரத், இதுக்கு என்ன அர்த்தம்?"

ஓதுபள்ளியில் யாரும் அர்த்தம் கேட்டதில்லை. அவர் பிரம்பைக் கீழே வைத்துவிட்டார். "சபுரும்மா. பொறுமை."

"சபர் இல்லையா? பயணம்?"

"அது ஸீனு, ஃபே, ரே. வேற எழுத்து, வேற பொருள். ஒங்க வாயிலதான் ரெண்டும் ஒண்ணாப் போகுது."

எங்கள் வாயில் மட்டுமா! அத்தா காதிலும் ஒன்றாகத்தான் போயிருந்தது. சபுர் என்ற சொல் நமக்குப் புதிதா என்ன? மவுத்து வீட்டில் சாவுக்கு அழுகிறவர்களிடம் சொல்வார்கள், கரண்ட் போனால் சொல்வார்கள், புருஷன் சபரில் இருக்கிற பொம்பளைகளுக்கு நாளைக்கு நாலு தடவை சொல்வார்கள். சபுரா இரு, சபுர் செஞ்சுக்க. நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "வெளிய எங்கிட்டு ஓடுற?" என்று அசரத் கத்தியது பின்னால் கேட்டது.

இப்போது அந்தப் பொடி வரிகளைப் படித்தாக வேண்டும். அர்த்தம் சொல்ல வீட்டில் ஒரே ஆள்தான் உண்டு, அவரைத்தான் நான் வீழ்த்த வேண்டும். ஆகவே ஒரு நாளைக்கு ஒரு சொல்லாக, ஓதுபள்ளிப் பாடம் மாதிரிக் கேட்டேன். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் ஒன்று. கிணற்றடியில் அவர் முகம் கழுவும்போது ஒன்று.

"அத்தா, பிதூன்னா என்ன?"

"இல்லாமன்னு அர்த்தம்."

"ளர்ப்?"

"அடிக்கிறது. ஏன்த்தா, அசரத்து அடிச்சுட்டாரா?"

"தவ்ர்?"

"நம்ம முறை வரும்ல, அது."

அடிக்காமல். முறை. ஒவ்வொரு முறையும் அடிக்காமல் இருந்தால் ஒட்டகத்தின் மேல் ஒரு புள்ளி சேரும். போதும் என்று நினைக்கிறபோது அதை எழுப்பலாம். எழுந்தால் சேர்ந்த புள்ளி அத்தனையும் ஒரே அடியாக விழும். அத்தாவுக்குத் தன் வாயாலேயே எனக்கு ஆயுதம் எடுத்துக் கொடுத்தது தெரியாது. தெரு முழுக்க, "எம்மவ அரபு படிக்கணும்னு நிக்கிறா, வார்த்தைக்கு வார்த்த அர்த்தம் கேக்குறா" என்று பீற்றிக்கொண்டார்.

என் கட்டிலிருந்த சிங்கம், கழுகு எல்லாவற்றையும் தூக்கி எறிந்தேன். ஒட்டகம். அடி வாங்கிக்கொள்ளக் கதவும் சுவரும். கூடுதலாக அட்டை எடுக்கிற சில்லறைகள். அப்புறம் ரெட்டைப் பிறை போட்ட ஒரு சின்ன அட்டை. அதை இறக்கினால் இருக்கிற புள்ளி ரெட்டிப்பாகும். நாலு புள்ளி எட்டாகும், எட்டு பதினாறாகும், பதினாறு முப்பத்திரண்டாகும். அத்தாவின் உயிர் முப்பது. ஒட்டகமும் மூன்று பிறையும் என் கைக்கு வந்தால் ஒரே முறையில் சோலி முடிந்தது. ஒன்று வராவிட்டாலும் என் கட்டு வெறும் குப்பை.

என் மகன் இப்போது போனில் இந்த மாதிரி ஆட்டம்தான் ஆடுகிறான். இப்படி ஒரே முறையில் ஆளை முடிக்கிற கட்டுக்கு ஊர் உலகத்தில் ஒரு பேரே இருக்கிறதாம். ஓ.டி.கே. என்றான். "அத ஆடுறவனப் பாத்தாலே எல்லாருக்கும் கடுப்பும்மா. சும்மாவே ஒக்காந்திருப்பான், திடீர்னு அடிச்சுருவான்." நான் கண்டுபிடித்தது என்றுதான் இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன், போங்கள்.

அதற்குப் பிறகும் தோற்றேன். ஒருநாள் ஒட்டகம் வரவில்லை. ஒருநாள் பிறை ரெண்டோடு நின்றது. இன்னொரு நாள் எல்லாம் வந்து, அவசரத்தில் வேறு பொத்தானை அழுத்திவிட்டேன். அத்தா ஒவ்வொரு தடவையும், "இது என்ன கட்டுத்தா, கையக் கட்டிக்கிட்டு அடி வாங்குறதுக்குன்னே ஒரு கட்டா?" என்று சிரிப்பார். சிரிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பவும் பேட்டரியை வெயிலில் வைத்தேன். ரெண்டு பக்கமும் நானே ஆடிப் பழகினேன். அவர் கழுகு எப்போது வரும், எத்தனை அடி என் சுவர் தாங்கும் என்பது தூக்கத்திலும் எனக்குத் தெரியும்.

அவர் கிளம்புவதற்கு முந்தின நாள். விடியலில் வேன் வந்துவிடும், திருச்சிக்குப் போய் விமானம் ஏற வேண்டும். வீட்டுக்குள் ஆள் வருவதும் போவதுமாக இருந்தது. மகனுக்கு ஊறுகாய் கொடுத்துவிட ஒருத்தர், மருமகனுக்கு மாத்திரை கொடுத்துவிட ஒருத்தர். கூடத்து நடுவில் அம்மா அட்டைப்பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தது. சபர் பெட்டி கட்டுவதில் நம் தெருவில் அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. கருவாடு வாடை வராமல் நாலு சுற்று பாலித்தீன், அதற்கு மேல் அட்டை, அதற்கு மேல் குறுக்கும் நெடுக்குமாக நைலான் கயிறு.

"ஒரு ஆட்டம்த்தா" என்றேன்.

"வேல கெடக்குத்தா."

"ஒண்ணே ஒண்ணு."

என் முகத்தில் என்ன இருந்ததோ, ஜன்னல் ஓரம் வந்து உட்கார்ந்தார்.

பேட்டரி சாகக் கிடந்தது. திரை மங்கலாகத்தான் தெரிந்தது. ஆரம்பத்திலேயே ஒட்டகம் வந்துவிட்டது. இறக்கினேன். அவர் பார்த்து, "இந்தச் சபரத்தான் தூக்கிப் போடச் சொன்னேன்ல" என்றார். அடிக்காமல் பெட்டியைக் கொடுத்தேன். அவர் சிங்கம் என் கதவை உடைத்தது. அடிக்காமல் கொடுத்தேன். கழுகு வந்து சுவரைத் தாண்டி அடித்தது. இப்படி நாலு முறை போனதில் என் முப்பது உயிரில் ஆறு மிச்சம். ஒட்டகத்தின் மேல் நாலு புள்ளி. கையில் ரெண்டு பிறை.

"என்னத்தா, அத்தா நாளைக்குப் போறேன்னு பாவம் பாக்குறியா? ஒரு அடியாவது அடி."

பொத்தானை அழுத்தி அட்டையை எடுத்தேன். மூன்றாவது பிறை. ஒன்று, ரெண்டு, மூன்று என்று பிறைகளை இறக்கிவிட்டு ஒட்டகத்தை எழுப்பினேன். திரையில் அது முன்னங்காலை ஊன்றி எழுந்து நின்றது. அது நிற்பதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். பெட்டி கீச்கீச் என்று கத்தியது. அத்தாவின் கையில் கொடுத்தேன்.

"அடி ஆத்தாடி!" என்று எழுந்தே விட்டார். "முப்பதும் போச்சா? ஒரே அடில?" என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். "பாருங்கய்யா, எம்மவ என்னையக் கவுத்துட்டா!" என்று ஊறுகாய்க்காரரிடம் பெட்டியைக் காட்டினார். என் கால் தரையில் பட்டதும் கேட்டேன்.

"அப்ப நாளைக்குப் போகலல்ல?"

"எங்கத்தா?"

"சபருக்கு. ஜெயிச்சா போகலன்னு சொன்னீங்க."

அவர் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. அவருக்கு அது மறந்தே போயிருந்தது. ஊறுகாய்க்காரர் செருப்பைத் தேடி மெதுவாக இறங்கிப் போய்விட்டார்.

"அது வெளாட்டுக்குச் சொன்னதுத்தா..."

"நான் வெளாட்டுக்கு ஆடல."

நான் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும், தூக்கிவைத்துச் சமாதானம் சொல்லியிருப்பார். அவர் உதவிக்கு அம்மாவைப் பார்த்தார். "நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லு புள்ள."

அம்மா கயிற்றை இழுத்துப் பிடித்தபடி என்னைக் கேட்டது. "எந்தச் சீட்டுல ஜெயிச்ச?"

சீட்டு என்றது! எங்கள் இருவருக்கும் தூக்கிவாரிப் போட்டது. "ஓதலன்னு எனக்கு மொத வாரமே தெரியும். அத்தாவும் மவளும் ஒரு எடத்துல ஒக்காந்து பேசுறீங்களேன்னு விட்டேன். எதுல ஜெயிச்ச, சொல்லு."

"சபுரும்மா."

"சபர்தான் புள்ள, பயணம்" என்றார் அத்தா.

"இல்ல. ஸாது, பே, ரே. சபுர். அடிக்காம ஒக்காந்தே இருக்கும். அப்புறம் ஒரே அடி" என்றேன்.

அம்மா கயிற்றைக் கீழே போட்டது. அத்தாவைப் பார்த்துத்தான் பேசியது, குரலை உயர்த்தவே இல்லை.

"நீங்க போறது சபரு. நான் இருக்குறது சபுரு. கலியாணம் முடிஞ்ச மறு மாசத்துலருந்து எல்லாரும் எனக்கு அதத்தான சொன்னீங்க? ஒங்க அம்மா மவுத்தானப்ப சந்தூக்கத் தூக்க மவன் இல்லாம ஊரே என் மூஞ்சியப் பாத்துச்சு. சபுரா இருன்னாங்க. இவ காச்சல்ல நெனவில்லாமக் கெடந்தப்ப மழைக்குள்ள இடுப்புல தூக்கிக்கிட்டு அறந்தாங்கி பஸ்ஸுக்கு ஓடுனேன். நீங்க போன் பண்ணி, கார்டு முடியப்போவுது, சபுரா இருன்னு வச்சிட்டீங்க. இருந்தேன். ஒரு நாள், ஒரு பொழுது, போகாதீங்கன்னு ஒரு வார்த்த சொல்லிருப்பனா? பச்சப்புள்ள, அது கேட்ருச்சு. நான் கேக்கல. கேக்க மாட்டேன். ஆனா இந்தப் பெட்டிய இந்தத் தடவதான் நான் கட்டுவேன். இனிமே கட்ட மாட்டேன். அடுத்து வந்துட்டுப் போறப்ப கட்டுறதுக்கு வேற ஆள் பாத்துக்கங்க."

சொல்லிவிட்டுத் திரும்பவும் கயிற்றை எடுத்தது. முழங்காலை ஊன்றி இழுத்து முடிச்சுப் போட்டது. அத்தா கையில் பெட்டியோடு நின்றார். திரை அணைந்துவிட்டது, பேட்டரி செத்துவிட்டது. எனக்கு ஒரு வகையில் கோபம்கூட வந்தது. நான் ஜெயித்த ஆட்டத்தை யாரும் பேசவே இல்லையே என்று.

மறுநாள் விடியலில் அவர் போகத்தான் போனார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பாயை விட்டு எழவே இல்லை. சொன்ன சொல்லை மீறிவிட்டார், இனிமேல் அவரோடு பேச்சே கிடையாது என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அவர் தலைமாட்டில் வந்து நின்றது சென்ட் வாசனையில் தெரிந்தது. "பெட்டிய எடுத்துட்டுப் போகவாத்தா?" என்று கேட்டார். சரி என்று தலையை மட்டும் ஆட்டினேன். அதற்குப் பிறகு அந்த விளையாட்டுப் பெட்டியை நான் பார்க்கவே இல்லை.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு மத்தியானம் அவர் வாசலில் நின்றார். லீவு இல்லை. விசாவைக் கேன்சல் செய்துவிட்டு ஒரேயடியாக வந்திருந்தார். நீங்களெல்லாம் வாசலில் எட்டிப் பார்க்க வந்தீர்கள், பிரிப்பதற்கு அன்றைக்குப் பெரிய பெட்டி இல்லை. ஒரு தோள்பை. "அட்டப் பெட்டி எங்கத்தா?" என்று கேட்டேன். விளையாட்டுப் பெட்டியைத்தான் கேட்டேன். "ரூம்ல ஒரு பயலுக்குக் குடுத்துட்டு வந்துட்டேன். அவனுக்கும் மவ இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு சுகமாக வாழ்ந்தோம் என்று நான் சொல்லவில்லை. நன்றாகக் கஷ்டப்பட்டோம். சோப்பு வாசனை போனது, பெருநாளைக்குப் புதுத்துணி போனது. என் படிப்புக்கு அம்மா ஊர்க் கருவாட்டையெல்லாம் வாங்கிக் காயவைத்து விற்றது. அத்தாவும் அம்மாவும் சண்டை போட்டார்கள், நன்றாகச் சத்தமாக. அடுத்த வீட்டில் புருஷன் ஊரில் இல்லாத பொம்பளைகள் அந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டு இருப்பார்கள். உங்கள் அம்மாக்களும்தான். என் அம்மா வாயிலிருந்து சபுர் என்ற சொல்லை அதற்குப் பிறகு நான் கேட்டதே இல்லை.

சகனிலிருந்து எழுந்து கை கழுவிவிட்டு அன்றைக்கு நேராகக் கடைக்குத்தான் போனேன். அத்தா கல்லாவில் மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். அம்மா உள்ளே முக்காலியில், வள்ளக்காரர்களுக்குக் கயிறு அளந்துகொண்டிருந்தது.

"இனிமே யார்ட்டயும் மொட்டையா தோத்துட்டு வந்தேன்னு சொல்லாதீங்கத்தா" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "எம்மவகிட்ட தோத்தேன்னு முழுசாச் சொல்லுங்க. ஊரு ஒங்களக் கேவலமாப் பேசுது, எனக்குத் தாங்கல."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒன்கிட்டயா? ஒன்கிட்ட தோத்திருந்தா இன்னொரு ஆட்டம் கேட்ருப்பேன்லத்தா."

சொல்லிவிட்டு மோவாயால் உள்பக்கம் காட்டினார்.

"அங்கிட்டு என்ன ரெண்டு பேருக்கும் பேச்சு? இந்தக் கயித்தப் புடிங்க" என்றது அம்மா. அத்தா எழுந்து உள்ளே போய், அது நீட்டிய முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.